ஆயிரம் ரூபாய்ப் புத்திசாலிகள்

மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டதும் வீட்டில் யாராவது ஒருவர் "மோட்டாரை ஆஃப் பண்ணு!" என்று கத்துவார். அதே வீட்டின் தரைத்தொட்டியை எட்டிப் பார்த்தால், மாநகராட்சித் தண்ணீர் விழும் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பந்து மிதந்துகொண்டிருக்கும். தண்ணீர் ஏற ஏறப் பந்தும் ஏறும். பந்தைத் தாங்கும் தண்டு வால்வை அழுத்தி மூடிவிடும். யாரும் கத்த வேண்டியதில்லை. மின்சாரம், வைஃபை, கடவுச்சொல் எதையும் கேட்காத இந்தக் கருவியின் மூதாதை கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் இருந்தது. நீர்க்கடிகாரத்துக்குள் விழும் தண்ணீரின் வேகம் மாறாமல் இருக்க க்டெசிபியஸ் என்ற கைவினைஞர் அதில் ஒரு மிதவையை வைத்தார்.

'ஸ்மார்ட்' என்ற அடைமொழியோடு இன்று கடையில் விற்கும் எந்தப் பொருளையும் இந்தப் பந்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் வேலை மூன்றுதான். ஒன்றை உணர வேண்டும், உணர்ந்ததை வைத்து முடிவெடுக்க வேண்டும், முடிவைச் செய்து முடிக்க வேண்டும். பந்தில் மூன்றும் ஒரே இடத்தில் நடக்கின்றன. ஆயிரம் ரூபாய்க்கு வாங்கும் வைஃபை பிளக்கில் கட்டளை உங்கள் கைப்பேசியில் பிறக்கிறது, செயல் சுவரில் நடக்கிறது, நடுவில் இருக்கும் முடிவோ நீங்கள் பார்த்தேயிராத ஊரில் உள்ள ஒரு கணினியில் எடுக்கப்படலாம். முதன்முதலாக வாங்கப் போகிறவர் அட்டைப்பெட்டியின் வண்ணப்படங்களை விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் பாதிக் குழப்பம் தீரும்: இதன் முடிவு எங்கே எடுக்கப்படுகிறது?

வீட்டைக் கணினியிடம் ஒப்படைக்கும் ஆசை பழையதுதான். 1966-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஜிம் சதர்லேண்ட் என்ற வெஸ்டிங்ஹவுஸ் பொறியாளர், நிறுவனம் வேண்டாமென்று ஒதுக்கிய பாகங்களைக் கொண்டு தன் வீட்டுக்கே ஒரு கணினி கட்டினார். எக்கோ 4 என்று பெயர். கடைச்சாமான் பட்டியல் வைத்துக்கொள்ளும், வீட்டுக் கடிகாரங்களை நடத்தும். எடை மட்டும் ஏறக்குறைய 360 கிலோ. 1975-ல் ஸ்காட்லாந்தின் பிகோ எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் எக்ஸ்-10 என்ற முறையை உருவாக்கியது. அதில் தகவலுக்கென்று தனிக் கம்பி கிடையாது. வீட்டு மின்கம்பியில் மின்னழுத்தம் பூஜ்யத்தைக் கடக்கும் கணம் பார்த்து, 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பாகச் செய்தியை அதே கம்பியில் ஏற்றினார்கள். அருமையான யோசனை. ஆனால் வேறு கருவிகள் அதே கம்பியில் கிளப்பும் மின்னிரைச்சலைச் செய்தி என்று நினைத்து, யாரும் சொல்லாமலே விளக்கு எரிவதும் உண்டு.

இவையெல்லாம் பொழுதுபோக்கு வித்தகர்களின் உலகம். சாமானியர் கைக்கு வந்ததற்கு 2014-ல் சந்தைக்கு வந்த ஒரு சில்லு முக்கியக் காரணம். ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இ.எஸ்.பி 8266. வைஃபை வானொலியும் 80 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிறு கணினியும் விரல்நகம் அளவு சில்லில் சேர்ந்தே வந்தன. விலை சில டாலர். அதற்கு முன்பு ஒரு பல்புக்கு வைஃபை வைப்பது என்பது பல்பைவிட வைஃபைக்கு அதிகம் செலவழிக்கும் கூத்தாக இருந்தது. இந்தச் சில்லும் இதன் வாரிசுகளில் பெரும்பாலானவையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசும். புதிதாக வாங்கிய பிளக் "நெட்வொர்க் கிடைக்கவில்லை" என்று அடம்பிடித்தால், கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேயே முடிந்துவிடும்.

சரி, பிளக்கின் உள்ளே என்னதான் இருக்கிறது? (வாங்கியதைத் திறந்து பார்க்க வேண்டாம், உள்ளே 230 வோல்ட் நேராக ஓடுகிறது.) சில்லுக்குச் சோறு போட 230 வோல்ட்டை 3.3 வோல்ட்டாக இறக்கும் ஒரு சிறு மின்சுற்று. அதற்குப் பக்கத்தில் ஒரு ரிலே. ஆன் செய்யும்போது 'டக்' என்று கேட்கிறதே, அது ரிலேயின் குரல். இரும்புத் தண்டின் மேல் சுற்றிய செப்புக்கம்பியில் சிறு மின்னோட்டம் பாய்ந்தால் அது காந்தமாகும். காந்தம் ஒரு தகட்டை இழுக்கும். தகடு இரண்டு உலோக முனைகளை ஒட்டவைக்கும். 1830-களில் ஜோசப் ஹென்றி போன்றவர்கள் தந்திக்காக வளர்த்தெடுத்த உத்தி. கைப்பேசி, செயற்கை நுண்ணறிவு, மேகக்கணிமை என்று எத்தனை கடல் தாண்டி வந்தாலும், உங்கள் ஹீட்டரை உண்மையில் ஆன் செய்வது 190 வயதான இந்தத் தகடுதான்.

அதனால்தான் அந்தத் தகட்டின் தாங்குதிறன் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான எண்ணாகிறது. பிளக்குகள் பெரும்பாலும் 10 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று இரண்டு ரகமாகக் கிடைக்கும். வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 2000 வாட் வாட்டர் ஹீட்டர் 8.7 ஆம்பியர் இழுக்கும். 3000 வாட் என்றால் 13. இரண்டாவதை 10 ஆம்பியர் பிளக்கில் சொருகுவது தீயோடு விளையாட்டு. முதலாவதையும் நான் சொருக மாட்டேன், ஏனென்றால் விளிம்பை ஒட்டி மணிக்கணக்கில் ஓடினால் முனைகள் சூடேறும். மோட்டார் வகைக் கருவிகள் இன்னும் மோசம். தண்ணீர் மோட்டாரும் பழைய பாணி ஏ.சி.யும் கிளம்பும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப்போல ஐந்தாறு மடங்கை இழுக்கும். அந்த நொடியில் ரிலேயின் முனைகளுக்கு நடுவே பொறி பறக்கும். பல நாள் பறந்தால் முனைகள் பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். பிறகு செயலியில் 'ஆஃப்' என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்மார்ட் பிளக்கை கிரைண்டருக்கும் மோட்டாருக்கும் போடாதே என்று விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியன் சொல்வது இதனால்தான்.

நூறு இருநூறு ரூபாய் கூடக் கொடுத்தால் மின்சாரத்தை அளக்கும் பிளக் கிடைக்கும். நான் சிபாரிசு செய்வது இதைத்தான், அதுவும் ஆன்-ஆஃபுக்காக அல்ல. உள்ளே ஒரு மில்லி ஓம் அளவே தடையுள்ள சிறு உலோகப் பட்டை இருக்கும். 10 ஆம்பியர் பாய்ந்தால் அதன் இரு முனைகளுக்கிடையே வெறும் 10 மில்லிவோல்ட் வித்தியாசம் வரும். அதை ஒரு சில்லு நொடிக்குப் பலமுறை அளந்து வாட்டாக மாற்றிச் சொல்லும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணம் வரும் தமிழ்நாட்டில், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படிகளே மாறிவிடும் முறையில், எந்தக் கருவி எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு நேரடிப் பணமதிப்பு உண்டு. ஒரே பிளக்கை ஒரு வாரம் ஃப்ரிட்ஜ், அடுத்த வாரம் செட்டாப் பாக்ஸ் என்று இடம் மாற்றிக்கொண்டே போகலாம். எப்போதும் 10 வாட் இழுக்கும் பெட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 88 யூனிட்டைத் தின்னும். பிளக்கே ஒரு வாட் அளவுக்குத் தின்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதுவே ஆண்டுக்கு எட்டே முக்கால் யூனிட். ஐந்து வாட் இரவுவிளக்கை மிச்சம் பிடிக்க ஸ்மார்ட் பிளக் வாங்குகிறவர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

நகரத்து வீடுகளுக்கு இதெல்லாம் வருவதற்கு முன்பே தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு ஸ்மார்ட் கருவி வேரூன்றிவிட்டது. கிணற்று மோட்டாருக்கான செல்போன் ஸ்டார்ட்டர். விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் பல சமயம் நள்ளிரவில் வரும். டார்ச்சும் தடியுமாக வரப்பில் நடந்துபோய் மோட்டாரைப் போட வேண்டும். வழியில் பாம்பு கிடக்கலாம். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டைப் போட்டுவிட்டால் கட்டிலில் இருந்தபடியே அந்த எண்ணுக்குக் கூப்பிடலாம். பதிவு செய்த எண்ணா என்று பெட்டி பார்க்கும். 1-ஐ அழுத்தினால் 697 ஹெர்ட்ஸ், 1209 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு சுருதிகள் சேர்ந்து ஒலிக்கும். அந்த ஜோடியை அடையாளம் கண்டு மோட்டாரை ஓட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் வேறு ஜோடி. 1963-ல் அமெரிக்கத் தொலைபேசியில் பொத்தான் வந்தபோது பிறந்த ஏற்பாடு இது.

இந்தப் பெட்டியின் அழகு வேறோர் இடத்தில் இருக்கிறது. 'போடு' என்பதை மட்டும்தான் அது விவசாயியிடம் கேட்கிறது. மூன்று முனையில் ஒன்று அறுந்தாலோ, கிணறு வற்றி மோட்டார் வெறுமனே சுற்றினாலோ, யாரையும் கேட்காமல் தானே நிறுத்திவிட்டு அப்புறம் செய்தி அனுப்பும். வெறுமனே சுற்றும் மோட்டார் குறைவான மின்னோட்டத்தையே இழுக்கும் என்பதால் அதைக் கண்டுபிடிப்பது எளிது. ஆசையை மனிதன் சொல்லட்டும், ஆபத்தை அங்கேயே பெட்டி பார்த்துக்கொள்ளட்டும் என்ற இந்தப் பங்கீடு, பல ஆயிரம் ரூபாய் நகரத்துக் கருவிகளில் இல்லை.

நகரத்து வீட்டில் இதற்கு நிகரானது தண்ணீர் மட்டத்தைப் பார்த்து மோட்டாரை நிறுத்தும் கன்ட்ரோலர். முதல் கருவியாக எதை வாங்கலாம் என்று கேட்டால், வைஃபை இல்லாத இதைத்தான் சொல்வேன். மலிவான வகையில் தொட்டிக்குள் உலோகக் கம்பிகள் தொங்கும். தண்ணீர் தொட்டதும் மின்னோட்டம் கடந்து மட்டம் தெரியும். ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரில் இந்தக் கம்பிகளில் வெள்ளையாகப் படிவம் ஏறி, சில மாதங்களில் குருடாகிவிடும். ஒரே திசையில் மின்னோட்டம் பாய்ச்சும் மட்டமான கன்ட்ரோலராக இருந்தால் மின்பகுப்பில் கம்பியே கரையும். மிதவை சுவிட்ச் வைத்ததை வாங்குவது நல்லது. மீண்டும் அந்தப் பந்துதான்.

ஆள் நடமாட்டத்தைப் பார்த்து எரியும் விளக்குகள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. மாடிப்படிக்கும் கழிப்பறைப் பாதைக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. இவற்றின் முகத்தில் தேன்கூடு வடிவில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதற்குப் பின்னால் வெப்பம் மாறினால் மின்னூட்டம் காட்டும் சிறு படிகம். இந்தக் குணத்தை ஐரோப்பாவுக்குக் காட்டிக்கொடுத்தது இலங்கைக் கற்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் அங்கிருந்து கொண்டுபோன டூர்மலின் கற்கள், தணலில் சூடானதும் சாம்பலை இழுத்துக்கொண்டன. அதை ஒரு வேடிக்கையாகவே வைத்திருந்தார்கள். அது மின்சாரத்தின் வேலை என்று 1756-ல் ஃபிரான்ஸ் ஈப்பினஸ் காட்டினார்.

உடம்பின் வெப்பம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. 33 டிகிரி தோலிலிருந்து கிளம்பும் அலையின் உச்சம் ஏறக்குறைய 9.5 மைக்ரோமீட்டர். மூடியில் இருக்கும் சிறுசிறு முகப்புகள், கலங்கரை விளக்குக்காக ஃபிரெனெல் 1820-களில் வகுத்த வில்லைகளின் பிள்ளைகள். அவை அறையைப் பட்டைபட்டையாகப் பிரித்து உள்ளே இருக்கும் இரண்டு படிகத் துண்டுகளின் மேல் விழச் செய்கின்றன. நீங்கள் நடந்தால் உங்கள் வெப்பம் ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாறினால் விளக்கு எரியும். கழிப்பறையில் அசையாமல் உட்கார்ந்திருப்பவரை விளக்கு கைவிட்டுவிடுவதும் இதே காரணத்தால்தான். வித்தியாசம் மாறவே இல்லையே. சுவரில் ஊரும் பல்லியை இது பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. பல்லிக்குச் சுவரின் வெப்பம்தான் உடம்பின் வெப்பமும். சென்சார் மூடியின் மேலேயே ஏறி நடந்தால்தான் வம்பு.

இந்தக் கருவியின் உண்மையான பலவீனத்தை விற்பவர்கள் சொல்வதில்லை, ஏனென்றால் அதை வடிவமைத்த நாடுகளில் அது பெரிதாக வெளிப்படுவதில்லை. உடம்புக்கும் பின்னால் உள்ள சுவருக்கும் வெப்ப வித்தியாசம் இருக்கும்வரைதான் சென்சாருக்கு நீங்கள் தெரிவீர்கள். வேலூரிலோ திருத்தணியிலோ அக்னி நட்சத்திரத்தின்போது மாடிச்சுவர் 35 டிகிரியைத் தொட்டுவிட்டால் மனிதனும் சுவரும் ஒரே நிறமாகிவிடுகிறார்கள். டிசம்பரில் ஆறு மீட்டரில் கண்டுபிடித்த விளக்கு, மே மாதத்தில் கைக்கெட்டும் தூரம் வந்தபிறகு எரியும். கருவி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம், மழை வந்தால் சரியாகிவிடும். வெயில் ஊர்களில் இதற்கு மாற்றாக ரேடார் வகை சென்சார் பல்புகள் உண்டு. அவை நுண்ணலையை அனுப்பி, எதிரொலியின் அதிர்வெண் மாறுகிறதா என்று பார்ப்பவை. வெப்பம் அவற்றுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் மரக்கதவையும் மெல்லிய தடுப்பையும் நுண்ணலை ஊடுருவும் என்பதால், பக்கத்து அறையில் யாராவது நடந்தாலும் எரியும்.

சமையலறைக்கு எரிவாயுக் கசிவு அலாரம். வெள்ளீய ஆக்ஸைடு பூச்சைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அதன் மேல் ஒட்டி எலெக்ட்ரான்களைப் பிடித்துவைக்கும். எரிவாயு வந்தால் அந்த ஆக்ஸிஜனைத் தின்றுவிடும், எலெக்ட்ரான்கள் விடுபட்டு மின்தடை குறையும். ஜப்பானில் நவோயோஷி தகுச்சி 1960-களில் இதைக் கருவியாக்கினார். சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். அலாரத்தை முழங்காலுக்கும் கீழே, தரைக்கு அருகில் மாட்ட வேண்டும். பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று ஷெல்ஃபின் மேல் வைத்தால் பயனில்லை. குழாய் எரிவாயு வந்துவிட்ட வீடுகளில் நேரெதிர், அது லேசான மீத்தேன், அலாரம் கூரைக்கு அருகில் இருக்க வேண்டும். கசிவு தெரிந்ததும் எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக ஓடட்டும் என்று இதை ஸ்மார்ட் பிளக்கோடு இணைத்துக் காட்டும் வீடியோக்கள் வலம்வருகின்றன. ரிலேயின் முனைகளில் பொறி பறக்கும் என்று மேலே பார்த்தோம். எரிவாயு நிறைந்த அறையில் பொறி பறக்கும் ஒரு கருவியைத் தானாக இயங்க வைப்பதைவிடக் கேடான யோசனை இருக்க முடியாது. அலாரம் கத்தட்டும், ஜன்னலை மனிதர் திறக்கட்டும்.

ஸ்மார்ட் பல்பைப் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. கோடி வண்ணம் காட்டும் என்கிறார்கள். முதல் வாரம் எல்லா வண்ணமும் போட்டுப் பார்ப்போம், பிறகு ஆண்டு முழுக்க வெள்ளை. வெளிச்சத்தைக் குறைப்பதற்கு அது நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைந்து எரிகிறது; கண் சராசரியைத்தான் பார்க்கிறது. அது நல்ல ஏமாற்று வித்தை. சிக்கல் சுவரில் இருக்கிறது. "யாருமில்லாத ரூம்ல லைட் எதுக்கு?" என்று பாட்டி போகிற போக்கில் சுவிட்சை அணைத்துவிட்டால், பல்பின் மூளைக்கும் சேர்த்து மின்சாரம் போய்விடுகிறது. பிறகு செயலியில் என்ன தட்டியும் பயனில்லை. பாட்டி செய்ததுதான் சரி. சுவிட்ச் என்ற ஒன்று சுவரில் இருக்கும்போது அதைத் தொடாதே என்று ஒரு குடும்பத்துக்கே பாடம் எடுப்பது நடக்கிற காரியமில்லை.

எனவே பல்பை விட்டுவிட்டு சுவிட்சைப் புத்திசாலியாக்குவது மேல். சுவிட்ச்போர்டுக்குள்ளேயே அடங்கும் தீப்பெட்டி அளவு ரிலே துண்டுகள் கிடைக்கின்றன. பழைய சுவிட்ச் பழையபடியே வேலை செய்யும், கூடவே கைப்பேசியும் வேலை செய்யும். இதற்கு நியூட்ரல் கம்பி வேண்டும். அமெரிக்காவில் பழைய வீடுகளின் சுவிட்ச் பெட்டிகளில் பலவற்றில் அது இருக்காது. அங்கே இதற்காகத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நம் ஊரில் சுவிட்சும் பிளக் பாயின்டும் ஒரே போர்டில் அக்கம்பக்கமாக இருப்பதால், பிளக்குக்காக வந்த நியூட்ரல் பெரும்பாலும் அங்கேயே காத்திருக்கும். இதை எலெக்ட்ரீஷியனை வைத்தே மாட்ட வேண்டும். மின்விசிறிக்கு மாட்டினால் ஆன், ஆஃப் மட்டும்தான்; வேகத்தைக் குறைக்காது.

மின்விசிறி, ஏ.சி., டி.வி. மூன்றையும் சேர்த்து ஆள அகச்சிவப்பு ரிமோட் பெட்டி ஒன்று போதும். ரிமோட்டின் முனையில் இருக்கும் எல்.இ.டி. 940 நானோமீட்டர் ஒளியை நொடிக்கு 38,000 முறை துடிக்கவிடும். சூரியனும் விளக்குகளும் அகச்சிவப்பைக் கொட்டும் அறையில், இந்தத் துடிப்பு வேகம்தான் ரிமோட்டைத் தனித்துக் காட்டுகிறது. கைப்பேசியின் முன்பக்கக் கேமரா வழியாகப் பார்த்தால் ஊதா நிறமாகத் தெரியும். பழைய ரிமோட்டில் உயிர் இருக்கிறதா என்று சோதிக்கவும் இது உதவும். பெட்டி உங்கள் ரிமோட்டுகளின் துடிப்பைக் கற்றுக்கொண்டு திருப்பிச் சொல்கிறது, அவ்வளவே. 75 வாட் பழைய விசிறியை மாற்றி 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி வாங்கியவர்களுக்கு ரிமோட்டும் கூடவே வந்திருக்கும், அது அகச்சிவப்பு வகையாக இருந்தால் அதுவும் இதில் சேர்ந்துவிடும். இந்தப் பெட்டிக்கு வாய் உண்டு, காது இல்லை. கட்டளையைச் சொல்லும், ஏ.சி. கேட்டதா என்று அதற்குத் தெரியாது. செயலியில் 'ஆன்' என்று இருக்கும், மின்வெட்டில் ஏ.சி. எப்போதோ நின்றிருக்கும். ஏ.சி. ரிமோட் ஒவ்வொரு அழுத்தலிலும் வெப்பநிலை, விசிறி வேகம், முறை என்று முழு நிலவரத்தையும் அனுப்புவதால் மீண்டும் அழுத்தினால் சரியாகிவிடும். டி.வி.க்கு அப்படியில்லை. பல டி.வி.க்களில் ஆனுக்கும் ஆஃபுக்கும் ஒரே பொத்தான். தப்பு ஒருமுறை நுழைந்தால் எல்லாம் தலைகீழாகவே போகும்.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வரலாம். பேச்சைக் கேட்கும் ஸ்பீக்கர்களில் முடிவு இரண்டாகப் பிளந்திருக்கிறது. 2014-ல் அமேசான் எக்கோ அமெரிக்காவில் வந்தது, 2017-ல் இந்தியாவுக்கு வந்தது. அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் கண்டுகொள்ளும் வேலையை உள்ளே இருக்கும் சில்லே செய்கிறது. அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் வாக்கியம் தொலைதூரக் கணினிக்குப் போய், பொருள் புரிந்துகொள்ளப்பட்டு, அங்கிருந்து பிளக் நிறுவனத்தின் கணினிக்குப் போய், உங்கள் ரவுட்டர் வழியாகச் சுவருக்கு வருகிறது. ஒளி கண்ணாடி இழையில் நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து மும்பைக்கு ஐந்தாறு மில்லிநொடி, சிங்கப்பூருக்குப் பதினைந்து. தூரம் நேரத்தைத் தின்பதில்லை. ஆனால் வழியில் உள்ள ஒவ்வொருவரும் உயிரோடு இருந்தாக வேண்டும்.

எப்போதும் இருப்பதில்லை. ரெவால்வ் என்ற 300 டாலர் வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை உருவாக்கிய நிறுவனத்தை, கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் 2014-ல் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சேவையை நிறுத்தியது. பெட்டிகள் கெடவில்லை, ஆனால் அன்றோடு வெறும் பிளாஸ்டிக் ஆயின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி அணைந்தன. பிறகு பயனாளர்களே சேர்ந்து அதை வாங்கி உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. இந்தியக் கடைகளில் வேறுவேறு பெயரில் கிடைக்கும் மலிவுப் பிளக்குகளில் பலவற்றுக்குப் பின்னால் டூயா என்ற ஒரே சீன நிறுவனத்தின் தளம்தான் இருக்கிறது. அது குற்றமல்ல, விலை குறைவதற்கே அதுதான் வழி. பிராண்டு வேறானாலும் மூளை ஒன்றே என்று தெரிந்து வாங்கினால் நல்லது.

2016-ல் இன்னொன்றும் நடந்தது. மிராய் என்ற தீநிரல் இணையத்தில் இருந்த கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் தேடிப்போய், ஆலையில் வைத்த கடவுச்சொற்களில் அறுபது சொச்சத்தை வரிசையாகப் போட்டுப் பார்த்தது. கதவு திறந்தது. அக்டோபர் 21-ஆம் தேதி அந்தக் கருவிகளின் படை, இணைய முகவரிகளைத் தேடித் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்க, அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்கு மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. ஆகவே பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள்; ரவுட்டரில் விருந்தினர் நெட்வொர்க் இருந்தால் கருவிகளை அதில் விடுங்கள். வாசற்கேமராவையும் விரல்ரேகைப் பூட்டையும் முதல் ஆண்டில் தொட வேண்டாம் என்பது என் கட்சி. படுக்கையறைப் பக்கம் கேமரா எந்த ஆண்டிலும் வேண்டாம்.

வேறு மொழி பேசும் கருவிகளும் உண்டு. ஜிக்பீ வகைக் கருவிகள் வைஃபையைவிடக் குறைந்த மின்சாரத்தில் பேசும். கதவு சென்சார் ஒரு பொத்தான் பேட்டரியில் ஓராண்டுக்கு மேல் ஓடும். ஆனால் தனியாக ஒரு மையப்பெட்டி வேண்டும். 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்ற பொது ஒப்பந்தம், எந்த நிறுவனத்தின் கருவியும் வீட்டுக்குள்ளேயே நேரடியாகப் பேசிக்கொள்ள வழி செய்கிறது. பெட்டியில் அந்த முத்திரை இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

முத்திரை இல்லாததைச் சோதிக்கவும் வழி இருக்கிறது, காசு செலவில்லாத வழி. பிளக்கில் மாலை ஆறு மணிக்கு விளக்கு எரிய டைமர் வையுங்கள். ஐந்தே முக்காலுக்கு ரவுட்டருக்கு வரும் இணையக் கம்பியை மட்டும் கழற்றுங்கள். ஆறு மணிக்கு விளக்கு எரிந்தால் முடிவு வீட்டுக்குள் இருக்கிறது. எரியாவிட்டால் முடிவு வெளியே இருக்கிறது. அந்த பிளக்கை மீன்தொட்டிக்கு நம்ப வேண்டாம், சீரியல் விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் ரவுட்டரையே அணைத்துவிட்டு இன்னொருமுறை பாருங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு சோதனை மிச்சமிருக்கிறது. மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாலையில் திரும்பக் கொடுக்கும்போது, கருவி என்ன செய்யும்? செயலியின் அமைப்புகளில் இதற்கென்று ஒரு வரி இருக்கும்: மின்சாரம் திரும்பினால் ஆன், ஆஃப், முன்பிருந்த நிலை. இஸ்திரிப்பெட்டிக்கும் ஹீட்டருக்கும் 'ஆஃப்'. ஃப்ரிட்ஜுக்கும் மீன்தொட்டிக்கும் 'ஆன்'. ஸ்மார்ட் பல்புக்கு 'முன்பிருந்த நிலை'. இதை மாற்றாமல் விட்டவர்களின் படுக்கையறையில், விடியற்காலை மூன்று மணிக்கு மின்சாரம் வந்ததும் எல்லா விளக்கும் முழு வெளிச்சத்தில் எரியும். மலிவு பல்புகள் பெரும்பாலும் 'ஆன்' என்று வைக்கப்பட்டே பெட்டியிலிருந்து வருகின்றன.